சுவருக்கு மேலே ஒரு மங்கு அரிசி

காய்ந்த எண்ணெயில் முறுக்கு மாவு விழும்போது முதலில் ஒரு சீறல் கேட்கும், பிறகு அது அடங்கித் தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி சலசலக்கும், அதற்கும் பிறகுதான் மணம் வரும். அந்த வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் இவை மூன்றும் எங்கள் அடுப்பிலிருந்து வராமல், பக்கத்து வீட்டுச் சுவரின் மேல் ஏறி எங்கள் வீட்டுக்குள் இறங்கின.

சுவர் ஏறி வருவது என்று நான் சும்மா சொல்லவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்து "லயம்" ஒரே நீளக் கூரைக்குக் கீழே ஆறு வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே கூரை வரைக்கும் வெறும் திறப்புதான். ஒரு வீட்டில் இருமினால் ஆறு வீட்டுக்கும் தெரியும். உப்பு, தீப்பெட்டி, ஒரு துண்டு கருவாடு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு கை ஓமம், எல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தான் போகும், வரும். அளவுக்கு எல்லார் வீட்டிலும் ஒரு "மங்கு" இருக்கும். மரத்தில் பால் பிடிப்பதற்குக் கட்டும் பீங்கான் கோப்பைதான் மங்கு. விளிம்பு உடைந்து காட்டுக்கு உதவாமல் போனால் அடுப்படிக்கு வந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காளியம்மா பெரியம்மா. எங்களுக்குச் சொந்தம் ஒன்றும் இல்லை. அவருக்குப் பிள்ளை கிடையாது, அதனால் என்னையும் என் தங்கையையும் பாதி நேரம் அவர்தான் வைத்திருப்பார். அம்மாவும் அவரும் ஒரே நிரையில் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தார்கள். விடிவதற்கு முன்னால் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும்போது பெரியம்மா கையில் விளக்கு இருக்கும், அம்மா பின்னாலேயே போவார். இரண்டு பேருக்கு ஒரு விளக்கு போதும் என்று அப்பா இருக்கும்போதே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

அப்பா அந்த வருஷம் நடுவில் காய்ச்சலில் இறந்து போனார். அவரைத் தூக்கும்போது சின்னப் பிள்ளைகளை எல்லாம், வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவைக்கும் ஆயாக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எங்களுக்கு ரொட்டியும் சீனித் தண்ணியும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். நான் ஒன்பது வயதில் அன்றைக்குப் பார்க்காமல் விட்டது எது என்பது எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆனது.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை "எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது". பலகாரம் கிடையாது, புதுத் துணி கிடையாது. ஆனால் பிள்ளைகள் உள்ள வீடு பண்டிகை அன்றைக்கு வெறுமனே இருக்கவும் கூடாது. அதனால் மற்ற வீட்டார்தான் கொண்டு வந்து கொடுப்பார்கள். அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பு மாதமும் தீபாவளியும் ஒன்றாக வந்திருந்தன. காளியம்மா பெரியம்மா வீட்டுப் பெரியப்பா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் அறுவைக்குக் காத்துக் கிடந்தார். பெரியம்மாவுக்குப் பலகாரம் சுட மனசே இல்லை. எங்களுக்காகத்தான் ஒரு சட்டி வைத்தார். வைத்துவிட்டு அந்தப் பக்கத்திலிருந்தே சொன்னார்.

"அஞ்சல, முறுக்கு செவந்து போச்சு. என் நெனப்பெல்லாம் ஈப்போவுல இருக்கு. பாப்பாவுக்குப் பல்லு கெட்டியாத்தானே இருக்கு, கடிச்சுக்கட்டும்."

அஞ்சலை என்பது என் அம்மா, பாப்பா என்பது நான். அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. அப்பா போன பிறகு அம்மா அப்படித்தான் சிரிப்பார், பாதியில் நிறுத்திவிடுவார்.

தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டு வாசலுக்கு மூன்று தூக்குச் சட்டிகள் வந்தன. முதலாவது பெரியம்மாவினுடையது, நீலப் பூப் போட்டது. இரண்டாவதைக் கொண்டு வந்தவர் கடைசி வீட்டு ரோசம்மா அக்கா. அவர்கள் "வேதக்காரர்", ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், தீபாவளி அவர்கள் பண்டிகை இல்லை. அவர் வீட்டு அச்சு முறுக்கு கிறிஸ்மசுக்கு மட்டும்தான் வரும். அன்றைக்குத் தூக்கு நிறைய அதுதான் இருந்தது.

"இந்த வருசம் ஒங்க வீட்டு எண்ணெய்ச் சட்டி என் வீட்டுல காஞ்சிட்டுப் போவட்டும்கா. மாதா ஒண்ணும் கோச்சிக்க மாட்டாங்க" என்றார் ரோசம்மா அக்கா.

மூன்றாவது, தோட்டத்துக் கடைக்காரர் வீட்டு "லாத்தா" அனுப்பியது. லாத்தா என்றால் முஸ்லிம்களான அவர்கள் பேச்சில் அக்கா. தோட்டமே அவரை அப்படித்தான் கூப்பிடும். நோன்போடு இருந்துகொண்டு எங்களுக்குச் சீடை சுட்டு, தானே எடுத்து வந்திருந்தார்.

"உப்புப் பாக்க முடியல அஞ்சல, வாய் கட்டியிருக்கேன். கூட இருந்தா ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு என்னைத் திட்டிக்க."

உப்புக் கூடத்தான் இருந்தது. என் தங்கை அதையே முதலில் தின்று தீர்த்தாள்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் நான் பார்த்தே வளர்ந்த பழக்கம். அம்மா ஒரு பிடி சீனி போடுவார், இல்லையென்றால் இரண்டு வாழைப்பழம், ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது வைத்துத்தான் அனுப்புவார். "வெறும் பாத்திரத்த நீட்டுனா வெறுங்கை ஆயிடும்" என்பார். துக்க வீட்டுக்கு அந்தச் சட்டம் மாறிவிடும், அங்கிருந்து நல்ல நாளில் ஒன்றும் வெளியே போகக் கூடாது, கழுவி வெறுமனேதான் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அம்மா மூன்று தூக்கையும் கழுவிப் பலகையில் கவிழ்த்துவிட்டுத் துணி துவைக்கக் குழாயடிக்குப் போனார். அந்த வருஷம் அம்மா பண்டிகை நாளில் யார் வீட்டு வாசலையும் மிதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் கொண்டு போக வேண்டியது நான்தான், அம்மா கேட்கும் முன்னால் செய்துவிடலாம் என்று நினைத்தேன். சீனி டின் காலி. வாழைப்பழம் இல்லை. அரிசி டின்னில் அரிசி இருந்தது. தூக்குக்கு ஒரு மங்கு என்று மூன்றிலும் தலை தட்டி அளந்து போட்டேன். நல்ல அரிசிதான், கல் பார்த்துப் போட்டேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்களைக் கண்டால் வாய் வராது. "இது வாயத் தொறக்குறதுக்குள்ள பால் மரம் பூத்துக் காச்சுடும்" என்று பெரியம்மா கேலி செய்வார். அன்றைக்கும் ஒவ்வொரு வாசலிலும் தூக்கை வைத்துவிட்டு, வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் முன்னால் ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, வேலையை முடித்த பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா குழாயடியிலிருந்து வந்து துணி காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது காளியம்மா பெரியம்மா வந்தார். சுவருக்கு மேலே கூப்பிடாமல் வாசல் வழியாக வந்தார். நீலப் பூத் தூக்கை எங்கள் வாசற்படியில் வைத்தார்.

"என் வீட்டுல இன்னும் எவனும் சாவல அஞ்சல. அதுக்குள்ள வாய்க்கரிசி குடுத்தனுப்பிட்டியே."

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. அம்மா என் பக்கம் வந்த பார்வையை மெல்லத் திருப்பிக்கொண்டு பெரியம்மாவிடம் சொன்னார்.

"தப்புதான்கா. ஏதோ நெனப்புல கை தவறிப் போச்சு."

பெரியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தில் கோபம் கொஞ்சம்தான் இருந்தது, மிச்சமெல்லாம் பயம். சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அம்மா என்னை உட்கார வைத்து, இறந்தவர் வாயில் கடைசியாக எல்லாரும் போடும் அரிசியைப் பற்றிச் சொன்னார். அப்பா வாயிலும் போட்டார்கள் என்று சொன்னார். ஆயாக் கொட்டகையில் நான் ரொட்டி தின்றுகொண்டிருந்த நேரத்தில் நடந்தது அது. எத்தனை வீட்டுக்குப் போட்டாய் என்று கேட்டார். மூன்று விரல் காட்டினேன். அம்மா அந்த விரல்களை மடக்கிவிட்டுச் சொன்னார்.

"நீ செஞ்சேன்னு யாருகிட்டயும் சொல்லாத. அம்மா செஞ்சதாவே இருக்கட்டும். துக்க வீட்டுப் பொண்ணு கை ராசியில்லன்னு ஒருத்தி சொல்லிட்டா, நீ கெழவியாவுற வரைக்கும் அது ஒன் பின்னாலயே வரும்."

அன்று மாலையிலிருந்து சுவருக்கு மேலே எதுவும் வரவில்லை. பெரியம்மா அடுப்பு ஊதுவது கேட்கும், பாத்திரம் வைப்பது கேட்கும், பேச்சு மட்டும் கேட்காது. விடியலில் அவர் விளக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவார். அம்மா அந்த வெளிச்சம் ஒரு இருபது மரம் தள்ளிப் போன பிறகு கிளம்பி, அது போகும் திசையைப் பார்த்துக்கொண்டே இருட்டில் நடப்பார். இரண்டாம் நாள் வேரில் தடுக்கி முழங்காலில் காயத்தோடு வந்தார். பெரியப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான்தான் கொன்றவள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சோறு இறங்கவில்லை. அரிசியைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் கருவாடு வாங்க அம்மா என்னைக் கடைக்கு அனுப்பினார். கடையில் லாத்தா மட்டும் இருந்தார். என்னைக் கண்டதும், "வாடி. ஒங்கம்மா மனசு யாருக்கும் வராது. தானே துக்கத்துல இருக்கா, எங்க நோன்புக் கஞ்சிக்கு ஒரு மங்கு அரிசி குடுத்தனுப்பியிருக்கா. அன்னிக்கே பானையில போட்டுட்டேன்" என்றார்.

நோன்பு மாதத்தில் லாத்தா வீட்டில் தினமும் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி, நோன்பு திறக்கும் முன்னால் கேட்டு வருகிற எல்லாருக்கும் ஊற்றுவார்கள். எங்கள் லயத்தில் பாதிப் பேர் தூக்கோடு போய் நிற்பார்கள். எங்கள் வீட்டு அரிசி அதில் போனது என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அம்மா சொல்லக் கூடாது என்றதையும் சேர்த்து. அதுவரை என் வாழ்நாளில் யாரிடமும் அத்தனை சொற்கள் நான் பேசியதில்லை. லாத்தா என்னைத் தேற்றவில்லை. கருவாட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்து, "சாயங்காலம் கஞ்சிக்கு வா. தூக்கு எடுத்துக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கடையின் பின்பக்கம் பானையைச் சுற்றிப் பெண்கள் நின்றிருந்தார்கள். ரோசம்மா அக்கா இருந்தார். காளியம்மா பெரியம்மாவும் வந்தார். என்னைப் பார்க்காத மாதிரி நின்றார். லாத்தா ஒவ்வொருவருக்கும் ஊற்றி அனுப்பிவிட்டு, இந்த இரண்டு பேரையும் கடைசிக்கு நிறுத்தினார்.

"காளியம்மா, தீபாவளி அன்னிக்குக் கஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. அன்னிக்கு முழுக்க அது ஒண்ணுதான் உள்ள எறங்குச்சு. ஏன் கேக்குறே?"

"அதுல ஒரு மங்கு அஞ்சலை வீட்டு அரிசி."

பெரியம்மா நீட்டிய தூக்கு அப்படியே நின்றது. ரோசம்மா அக்காவுக்கு விஷயம் புரியவில்லை. அவர் சந்தோஷமாகச் சொன்னார்: "எனக்கும் வந்துச்சுக்கா. பிடி அரிசிப் பானையில கொட்டிட்டேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவும்." ரோசம்மா அக்கா ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியை ஏழைகளுக்கென்று தனியாக எடுத்து வைப்பார். எங்கள் அரிசி அதோடு சேர்ந்திருந்தது.

"ஒங்க வழக்கம் வேற லாத்தா, எங்க வழக்கம் வேற. அவரு அங்க கட்டில்ல கெடக்குறாரு. எனக்கு எப்படி இருக்கும்?" என்றார் பெரியம்மா.

"வேறதான். நான் இல்லேன்னா சொல்றேன்?" லாத்தா பானையைக் கிண்டிக்கொண்டே பேசினார். "ஆனா போட்டது அஞ்சல இல்ல. வெறும் தூக்கு குடுக்கக் கூடாதுன்னு இந்தப் புள்ள போட்டிருக்கு. அதுக்குப் பேரு வந்துடக் கூடாதுன்னு அவ பழிய வாங்கிக்கிட்டு நிக்கிறா. மூணு வீட்டுக்குப் போன அரிசி. ரெண்டு வீட்டுது ஏதோ ஒரு சாமிகிட்டப் போய்ச் சேந்துருச்சு. ஒன் வீட்டுதுதான் திரும்பி வந்துருச்சு."

பெரியம்மா என்னைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இதா பேசுச்சு? ஒங்கிட்டயா?"

"பேசுச்சுலா. கண்ணுல பாதி, வாயில பாதி."

பெரியம்மா கஞ்சியை வாங்கிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே தூரமாக நடந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லாதே என்றதைச் சொல்லிவிட்டு வந்த பயம்.

அம்மா உலை வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே குரல் வந்தது.

"அஞ்சல."

அம்மா எழுந்து நின்றுவிட்டார், கையில் வெங்காயத்தோடு.

"நாளைக்கு மொத பஸ்ல ஈப்போவுக்குப் போறேன். நாளன்னிக்கு அறுக்குறாங்களாம். அதுக்கு முன்ன வீட்டுக் கஞ்சி ரெண்டு வாய் குடிக்கட்டும். ஒரு மங்கு அரிசி குடு."

"அக்கா, இங்கேருந்து எப்படிக்கா..." என்றார் அம்மா.

"என் வீட்டுல அரிசி இல்லாம கேக்கல. பாப்பா கையால குடுக்கச் சொல்லு."

அம்மா அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டது அவருக்குத் தெரிந்துவிட்டது. அடிக்கவில்லை. பால் வாளியைக் கவிழ்த்துச் சுவர் ஓரமாகப் போட்டார், நான் ஏறி நிற்க. மங்கில் அள்ளி, தலை தட்டி, இரண்டு கையாலும் திறப்புக்கு மேலே தூக்கினேன். அந்தப் பக்கத்திலிருந்து பால் கறை பிடித்த இரண்டு கை வந்தது. மங்கை மட்டும் வாங்கிக்கொள்ளாமல் என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. பெரியம்மாவின் முகம் எனக்குத் தெரியவில்லை, சுவர் மறைத்தது.

"தலை தட்டிப்புட்டியே. கோபுரமா குடுடி. ஒங்க பெரியப்பா கொறையச் சாப்புட்டுப் பழக்கமில்ல."

இன்னொரு பிடி போட்டேன். கொஞ்சம் சிந்தியது. சிந்தியதை அம்மா கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார், முகத்தை எனக்குக் காட்டாமல்.

மறுநாள் விடியலில் பெரியம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தன் விளக்கை எங்கள் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பெரியப்பா மூன்று வாரம் கழித்துப் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். அறுவை செய்த டாக்டர் காப்பாற்றினார் என்றுதான் நானும் சொல்லுவேன். எனக்கு ஞாபகத்தில் நிற்பது வேறு. பெரியம்மா அந்த அரிசியைக் கேட்டபோது பெரியப்பா பிழைப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் தெரியாது. அவர் பயம் போய்விட்டது என்றும் நான் நினைக்கவில்லை. பயத்தை வைத்துக்கொண்டேதான் கேட்டார்.

வெளியார் எங்களை எல்லாம் இந்தியர் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். நாங்கள் இருந்தது ஒரே கூரை, ஒரே சங்குச் சத்தத்துக்கு எழுந்த ஆட்கள். ஆனால் ஒரு மங்கு அரிசி மூன்று வாசலுக்குப் போனபோது ஒரு வீட்டில் கஞ்சியாகவும் ஒரு வீட்டில் காணிக்கையாகவும் ஒரு வீட்டில் சாவாகவும் இருந்தது. மூவரில் யாரும் தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது, ஆறாவது வரைதான் படித்தேன். இந்த வயதுக்கும் எனக்கு அதில் தப்புத் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை போட்டுவிட்டார்கள். லயம் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள் என்று கேள்வி. நான் செமோரில் ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் இருக்கிறேன். வரிசை வீடுதான், லயம் மாதிரிதான், ஆனால் சுவர் கூரை வரைக்கும் போகிறது. பலகாரம் இப்போது மூடியில் ஒட்டுத்தாள் சுற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. டப்பாவை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. வெறுமனே கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வியே இல்லாமல் போய்விட்டது.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கிறவள், கழுத்தில் சிலுவை போட்டிருப்பவள், தீபாவளிக் காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் கேட்டுக்கு மேலே ஒரு டப்பாவை நீட்டினாள். "அம்மா சுட்டது ஆன்ட்டி. டப்பா வேணாம், தூக்கிப் போட்டுருங்க" என்றாள். திறந்தால் அச்சு முறுக்கு.

தூக்கிப் போட மனசு வரவில்லை. கழுவிப் பலகையில் கவிழ்த்து வைத்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. என் வீட்டிலிருந்து இந்த வருஷம் எது போகலாம், எது போகக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இன்றைக்குக் காலையில் டப்பாவை நிமிர்த்தி, ஒரு மங்கு அரிசி அளந்து போட்டேன். தலை தட்டவில்லை. சுவருக்கு மேலே வழி இல்லை, வாசலைச் சுற்றித்தான் போக வேண்டும். வைத்துவிட்டு ஓடி வர இந்தக் கால்களால் ஆகாது. அவள் வெளியே வருவாள், இது எதற்கு ஆன்ட்டி என்று கேட்பாள், நான் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கும்.